சபையில் சொன்ன மனிதர்

மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சரோ அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "அண்ணை எங்களை விட்டுப் போட்டார் தம்பி. விடிய எழும்பேல்லை," என்றார். மோட்டார் சைக்கிளைக் கொக்குவில் புகையிரதக் கடவைக்கு அருகில் நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று அழுதேன். வெட்கப்படவில்லை. வெட்கத்தை விடப் பழக்கியவரே அவர்தான்.

புத்தூர்த் தவராசா அண்ணை எங்கள் பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்தவர், நான் கணிதம். அவருக்கும் அவர் மனைவி சரோ அக்காவுக்கும் பிள்ளையில்லை என்பது ஊருக்குத் தெரியும். காரணமும் ஊருக்குத் தெரியும், அண்ணையே சொல்லிவிட்டார்.

ஒருமுறை அவருடைய தம்பியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு நடந்தது. ஆலாத்தி எடுக்கச் சரோ அக்கா தட்டைத் தூக்கினார். பிள்ளை பெறாதவள் எடுக்கக்கூடாது என்று ஒரு மாமி தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணை சாப்பாட்டுப் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். குரல் உயர்த்தவில்லை.

"மாமி, குறை அவளிலை இல்லை. என்ரை விந்திலை ஒரு உயிரணுவும் இல்லை. இளந்தாரியா இருக்கேக்கை கன்னம் வீங்கி வந்த கூகைக்கட்டு விதைக்கு இறங்கினது. தட்டை அவளிட்டைக் குடுங்கோ."

மாமி கொடுத்துவிட்டார். சரோ அக்கா ஆலாத்தி எடுத்தார். நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கும் அப்போது பிள்ளையில்லை. என் மனைவி கந்தசட்டி விரதம் பிடித்துப் பிடித்தே மெலிந்துபோயிருந்தாள்.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மனுசியை விரதம் பிடிக்க விட்டது காணும். நீர் சோதிச்சனீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். சோதித்ததில் எனக்கும் விந்தணு இல்லை என்று வந்தது. மறுபடி சோதித்தும் அதே பதில். இனி எல்லாம் முடிந்தது என்று அவரிடம் போனேன்.

"கிணறு வத்தினது வேறை, குழாய் அடைச்சது வேறை. ரெண்டிலையும் தொட்டிக்குத் தண்ணி வராது. எது எண்டு பாக்காமல் ஏன் ஒப்பாரி வைக்கிறீர்?" என்றார்.

இரத்தத்தில் ஓமோன் பார்த்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள். விதை ஒழுங்காக வேலை செய்தது. சிறுவயதில் குடலிறக்கத்துக்குச் செய்த சத்திரசிகிச்சையில் விந்துக் குழாய்கள் அடைபட்டிருந்தன. கொழும்பில் ஊசியால் விதையிலிருந்தே விந்தணுவை எடுத்து என் மனைவியின் கருமுட்டைக்குள் செலுத்தினார்கள். முதல்முறை கருத் தங்கவில்லை, பிறகு மகள் பிறந்தாள். அண்ணைக்கும் விதையைத் திறந்து தேடியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வைத்தியம் எல்லாருக்கும் கைகொடுப்பதில்லை. அதனால் அவர் ஒரு இம்மியும் குறைந்துபோகவில்லை.

செத்தவீட்டில் பாட்டுப் பாடிச் சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிந்தது. பேரப்பிள்ளைகள் பிரேதத்தைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டிய நேரம். பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் பந்தம் எதற்கு, விட்டுவிடுவோம் என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தேன். இந்தப் பிள்ளை என்ன முறை என்று பெரியவர் கேட்டார். எங்கள் விஷயம் அதுவரை அண்ணை வீட்டைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மனைவியைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

"எனக்கும் விந்தணு இல்லையெண்டுதான் சொன்னவை. அண்ணை மறிச்சு வைத்தியத்துக்கு அனுப்பாட்டில் இவள் இல்லை. முறை அதுதான்," என்றேன்.

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். மயிலிட்டியிலிருந்து வந்திருந்த, நான் முன்பின் கண்டிராத ஒருவர் தோளிலிருந்த மகனை இறக்கி, என் மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "எனக்கும் அதுதான் முறை," என்றார். சரோ அக்கா தானே இரண்டு பந்தங்களையும் கொளுத்திப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எழுதுங்கள். நான் வைத்துக்கொள்வது சபையில் எழுந்து நின்ற அந்தக் குரலை மட்டும்தான். இனி என் முன்னால் ஒரு பெண்ணின் கையிலிருந்து யாராவது தட்டை வாங்கினால், அவள் புருஷனைச் சோதித்தீர்களா என்று அந்த இடத்திலேயே கேட்பேன். என் கதையையும் சேர்த்தே சொல்லுவேன்.