போனவர்களின் பின்னால் ஊற்றும் தண்ணீர்

பதினொரு மணிக்கு என் அறைகள் காலியாகும். இரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள் வந்துவிடுவார்கள். இடையில் கிடைக்கிற நேரத்துக்குள் கூட்டி, கழுவி, பெட்ஷீட் மாற்றி, புதுச் சோப் வைத்து, குளிர்பெட்டிக்குள் ஒரு போத்தல் தண்ணீரும் நாலு பீச் பழமும் வைத்துவிட வேண்டும். இந்தக் கிரேக்கத் தீவில் உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுக்கிற எல்லோரும், விருந்தினரின் பெட்டி வாசலைத் தாண்டிய கையோடு கூட்டத் தும்புத்தடியைத் தூக்கிவிடுவார்கள். நான் மட்டும் மேல்படியில் குந்தியிருந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கப்பல் ஊதி, வெளிக்கிட்டு, முனையைச் சுற்றி மறையும்வரை அறைக்குள் கால் வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு விசர் பிடித்தவன் மாதிரி ஓடி ஓடி வேலை செய்வேன். முன்னதாக வந்து சேரும் ஆட்கள் ஈரத் தரையில் சப்பாத்தோடு நின்று முகம் சுளிப்பதும் உண்டு. கீழ்வீட்டு ஸ்மாரோ யன்னலால் எட்டிப் பார்த்து, “யானி, இண்டைக்கும் கப்பலுக்குக் காவலோ?” என்று கேட்பார்.

ஸ்மாரோதான் வீட்டுச் சொந்தக்காரி. கணவனை இழந்தவர், எழுபது தாண்டியவர், வாய் கொஞ்சம் நீளம். மேல்மாடியின் நான்கு அறைகளையும் அவரிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் இந்தத் தொழிலை நடத்துகிறேன். ஞானசேகரம் என்ற என் பெயர் அவர் வாய்க்குள் அடங்கவில்லை. வீட்டில் ஞானி என்று கூப்பிடுவார்கள் என்றேன். அன்றைக்கே யானி ஆகிவிட்டேன். அவருடைய கிரேக்கம் இத்தனை வருடத்தில் என் காதுக்கு எங்கள் தமிழாகவே கேட்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற கொழும்பு வெள்ளவத்தைக்காரருக்கு என் காவலின் காரணம் சொல்லத் தேவையில்லை. பயணம் போன ஆள் போய்ச் சேருமுன் வீட்டைக் கூட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவுவது அதைவிடப் பிழை. பிரேதம் படியிறங்கிய பிறகு செய்கிற காரியம் அது. நான் பெரிய பக்திமான் இல்லை. கோயிலைக் கண்டே கனகாலம். ஆனாலும் யாரோ ஒரு ஜெர்மன்காரன் கப்பலில் ஏறுமுன்னரே அவன் படுத்த அறையில் வாளித் தண்ணீரைக் கவிழ்க்க என் கை வராது. இப்படிப்பட்டவனுக்கு ஆள் போன கையோடு கழுவுகிற தொழில்தான் வாய்த்திருக்கிறது.

அறை வாடகைக்கு விடுவதை நான் இங்கே பழகவில்லை. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு லேனில், மூன்றாம் மாடியில் எங்கள் ஃபிளாட். அப்பா செத்த பிறகு அம்மா முன்னறையை வாடகைக்கு விட்டார். வந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். பொலிஸில் பதிந்து, ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்து, பின்னேரங்களில் ரயில் பாதையோரம் நின்று கடலைப் பார்ப்பார்கள். ஒருநாள் அவனுடைய வான் வண்டி வரும். அம்மா வாசல்வரை போய் விபூதி பூசி அனுப்புவார். பிறகு அந்த அறைக்குள் ஒருவரும் தும்புத்தடி கொண்டு போகக் கூடாது. பாரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ கீழே இருந்த கொமியூனிகேஷன் கடைக்கு அழைப்பு வரவேண்டும். கடைக்கார நானா படிக்கட்டில் நின்று, “அக்கா, ஒங்கட ஆள் போய்ச் சேர்ந்துட்டாராம்!” என்று கத்தின பிறகுதான் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அறைக்குள் போவார். சிலருடைய அழைப்பு மறுநாளே வரும். ரஷ்யா வழியாகப் போனவர்களுக்கு வாரக்கணக்காகும். அவ்வளவு நாளும் அறை பூட்டிக் கிடக்கும், எங்கள் வீட்டில் கறி ஒன்று குறையும்.

ரகு என்று ஒருவன் இருந்தான். எனக்குக் கொஞ்சம் மூத்தவன், நல்ல பகிடிக்காரன். என் தங்கச்சி சுமதிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனும் போனான். அழைப்பு வரவில்லை. சீப்பில் அவன் தலைமயிரும், பாதி கரைந்த சோப்பும், கட்டிலுக்கடியில் கடல் மணலும் அப்படியே கிடந்தன. மாரி முடிந்து வெயில் தொடங்கியது. கடைசியில் பள்ளிக்கூடக் காசு கட்ட வழியில்லாமல் அம்மா அந்த அறையைத் திறந்தார். கூட்டினார். ஈரத்துணியால் துடைத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த அறையை மட்டும் அவர் கழுவினதே இல்லை. ஏன் என்று ஒருதரம் கேட்டேன்.

“கழுவினால், அந்தப் பிள்ளை செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி எல்லே தம்பி?” என்றார்.

பிறகு என் முறை வந்தது. சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறி, பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, இந்தத் தீவின் தவேர்ணா என்கிற சாப்பாட்டுக்கடை ஒன்றில் கணவாய் கழுவி, வதிவிடக் கடதாசிகள் கைக்கு வரும்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கல்யாணம் அப்படியே தள்ளிப் போயிற்று. முதல்முறையாக ஊருக்கு வெளிக்கிட்ட அன்று, சாமான்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறேன், பின்னால் சளார் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் ஸ்மாரோ ஒரு செம்புக் கூசாவைக் கவிழ்த்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் படிவழியே என் காலடிக்கு ஓடி வருகிறது. பெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி, கதவைச் சாத்தி, கட்டிலில் குந்தியிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். சகுனம் பிழைத்தால் அம்மா அப்படித்தான் செய்யச் சொல்வார். ஸ்மாரோ வந்து கதவைத் தட்டினார்.

“நீ திரும்பி வரவேணும் எண்டு ஊத்தினனான். நான் உன்ர கன்னத்தில அடிச்ச மாதிரிப் பாக்கிறாய்!”

“எங்கட நாட்டில செத்தவைக்குத்தான் ஆள் போக ஊத்துறது,” என்றேன், தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய தாயும் தகப்பனும் எதிரே துருக்கிக் கரையிலிருந்து வள்ளத்தில் ஓடி வந்தவர்கள். பயணம் போகிறவர் தண்ணீரைப்போலத் தடையில்லாமல் போய்த் திரும்பவேண்டும் என்று ஊற்றுவது அந்தக் கரையின் வழக்கமாம். “அங்கையிருந்து ஓடி வரேக்க அம்மா அப்பாக்கு ஆரும் தண்ணி ஊத்தேல்லை. அதாலதான் அவை திரும்பிப் போகவே இல்லை,” என்றார். அன்றைக்கு நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நான் தெருமுனை திரும்பி மறைந்த பிறகு அவர் ஊற்றலாம். நான் பார்க்கக் கூடாது. இன்றுவரை அதை இருவரும் காப்பாற்றி வருகிறோம்.

வெள்ளவத்தைக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அந்த மனிசிக்கு என்ன விசரே!” என்று முதலில் பொரிந்தார். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே யோசித்தார். “நல்லதுக்குத்தானே ஊத்தினவ. பார், நீயும் சுகமா வந்திட்டாய்.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் அங்க வந்திட்டு வெளிக்கிடேக்க எனக்கும் ஊத்தச் சொல்லு. பிறகும் ஒருக்கா உன்னட்டை வரலாம் எல்லே?” என்றார். தீவுக்குத் திரும்பியதும் ஸ்மாரோவிடம் சொன்னேன். “அவ வரட்டும், கூசா நிறைய ஊத்துறன்,” என்றார்.

அன்றிலிருந்து நான்காம் அறை அம்மாவுடையது. கடல் தெரிகிற அறை அதுதான். அதிக வாடகைக்குப் போகக்கூடியதும் அதுதான். அதை வாடகைக்கு விடுவதை நிறுத்தினேன். அவர் பிடித்து நடக்க வாசலில் கைபிடி பூட்டினேன். சுவரில் ஒரு பிள்ளையார். ஷவர்க் குழாய் அம்மாவுக்குச் சரிவராது என்று குளியலறைக்கு ஒரு முக்காலியும், ஒரு பெரிய நீல வாளியும், அள்ளி ஊற்ற ஒரு கோப்பையும் வாங்கிப் போட்டேன். ஆவணி மாதத்தில் ஒரு அறையைப் பூட்டி வைக்கிறவனை இந்தத் தீவு அதுவரை கண்டதில்லை. ஸ்மாரோ தலையில் அடித்துக்கொண்டார். ஒருமுறை ஒரு டச்சுப் பெண் அந்த அறைக்கு மாற முடியுமா என்று கேட்டாள். அது என் அம்மாவின் அறை என்றேன். உள்ளே சுகமில்லாத கிழவி படுத்திருக்கிறார் என்று அவள் விளங்கிக்கொண்டாள் போலும். அந்த வாரம் முழுக்கச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தாள். போகிற அன்று கதவடியில் ஒரு பூங்கொத்தும் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் திருத்தவில்லை. பூக்களைப் பிள்ளையாருக்கு வைத்தேன்.

அம்மாவுக்கு வீசா முதல்தரம் மறுத்தார்கள். அடுத்த தரமும் மறுத்தார்கள். திரும்பிப் போவார் என்பதற்கு உறுதியில்லையாம். “எனக்கென்ன அங்க குடியிருக்கிற ஆசையே? உன்ர கையால ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுவன்,” என்று அம்மா தொலைபேசியில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வருகிறவனுக்கும் படியிறங்கிப் போய்ப் பெட்டி தூக்கிக் கொடுக்கிறேன். முகம் தெரியாதவன் படுத்தெழும்பிய தலையணைக்கு உறை மாற்றுகிறேன். பெற்றவளுக்கு ஒரு கட்டில் கொடுக்க வழியில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கும் என்றும் நினைக்கவில்லை.

இந்த வருடம் கொடுத்தார்கள். வெயில் தணிந்து புரட்டாசியில் வருவதாக ஏற்பாடு. சுமதி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அம்மா எனக்கென்று மிளகாய்த்தூள் இடித்து வைத்திருந்தார். ஆவணியில் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். களுபோவில ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பின்னேரம் சுமதி அழைத்தாள். அவளுக்கு அழுகை முந்தியது. நான் விளங்கிக்கொண்டேன்.

அன்றைக்கே தீவில் மெல்தெமி கிளம்பியிருந்தது. கோடையில் வடக்கிலிருந்து இரைந்துகொண்டு வரும் காற்று அது. துறைமுகத்தில் ‘அபகோரெஃப்திகோ’ என்று பலகை தொங்கவிட்டார்கள். கப்பல் ஓடத் தடை என்று பொருள். இங்கே விமான நிலையம் இல்லை. பெட்டியும் கையுமாகத் துறைமுகத்துக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். டிக்கெட் விற்கிறவன் என்னைக் கண்டதும் தலையை ஆட்டுவான். “அண்ணா, நீங்க வரும்வரைக்கும் வைச்சிருக்கலாம், பிரேதம் வைக்கிற பார்லரில கதைச்சிட்டம்,” என்று சுமதி சொன்னாள். காற்று எப்போது விடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், இனி வைத்திருக்க வேண்டாம், சுமதியின் கணவன், மச்சானே கொள்ளி வைக்கட்டும் என்று. ஸ்மாரோ கசப்புக் கோப்பியும் காய்ந்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். சாவீட்டுக்கு இங்கே அதுதான் கொடுப்பார்கள்.

அம்மாவை எடுக்கிற நேரம் வெள்ளவத்தையில் பின்னேரம், இங்கே மத்தியானம். நான்காம் அறையின் யன்னலில் வீடியோ அழைப்போடு ஃபோனைச் சாத்தி வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். லிஃப்டுக்குள் பிரேதப் பெட்டி கொள்ளாது, படியால்தான் இறக்கினார்கள். மச்சானின் தோளும், கீழ்க்கடை நானாவின் மகன் கை கொடுப்பதும் தெரிந்தன. பிறகு படியில் வெறும் சத்தம் மட்டும். சுமதி ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டாள் போல, எங்கள் முன்னறையின் நிலம் தெரிந்தது. ரகு படுத்த அறை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாளியோடு வந்தார்கள்.

“அண்ணா, கழுவப் போகீனம். கட் பண்ணட்டே?”

“வேண்டாம். நில்லு,” என்றேன்.

முதல் வாளி நிலத்தில் விழுந்தது. அம்மா ஒருநாளும் தண்ணீர் ஊற்றாத அறை. நான் எழும்பினேன். குளியலறையிலிருந்து நீல வாளியை எடுத்தேன். கடை ஒட்டுத்தாள்கூட இன்னும் உரிக்காமல் இருந்தது. நிரப்பிக் கொண்டுவந்து, அவர் ஒரு பொழுதும் படுக்காத கட்டிலுக்கடியில், ஒரு பொழுதும் நடக்காத நிலத்தில் ஊற்றினேன். மறுபடி நிரப்பினேன், ஊற்றினேன். இத்தனை வருடத்தில் ஒரு கப்பலுக்கும் காத்திராமல் நான் கழுவியது அந்த அறையைத்தான். அப்போதுதான் அழுகை வந்தது. தும்புத்தடியால் வாசலுக்குத் தள்ளினேன். தண்ணீர் நிலைப்படி தாண்டிப் படிகளில் இறங்கியது.

ஸ்மாரோவின் வாசலுக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். செம்புக் கூசாவோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். நான் அவருடைய வழக்கத்தைக் கைக்கொண்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

“என்னை ஏன் கூப்பிடேல்லை? என்னட்டை எல்லே கேட்டவ?” என்று கோபித்தார். மேல்படியில் நின்று, கடல் பக்கம் பார்த்துக் கூசாவைக் கவிழ்த்தார். “ஸ்தோ கலோ,” என்றார். பயணம் அனுப்பும்போது இங்கே சொல்வது அதைத்தான். “சுகமாப் போய், திரும்பி வா.”

அவருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. என் தண்ணீர் அம்மாவைப் போகச் சொல்லிற்று, அவருடையது திரும்பி வரச் சொல்லிற்று. இரண்டும் கலந்து படிப்படியாக இறங்கித் தெருவுக்குப் போயின. மிச்சத் தண்ணீர் அறைக்குள் இன்னும் தேங்கி நின்றது. நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன். அதை வெளியே தள்ள எனக்கு மனம் வரவில்லை.