அப்பா தலையில் பஞ்சு

அப்பா பெங்களூரில் ஒரு துணி மில்லில், பஞ்சு பிரிக்கும் மிஷினில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தப் பஞ்சைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. அதற்குப் பிறகுதான் குளித்து, மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றுவார்.

உலகமெங்கும் வியாபாரம் படுத்துப்போன வருஷம். மில்லில் கூலியைக் குறைத்தார்கள்; பாதிப் பேரை நிறுத்தப்போவதாகவும் பேச்சு. சங்கத் தலைவர் என் பெரியப்பாதான். கூலியைத் திருப்பித் தரும்வரை வேலைக்குப் போவதில்லை என்று எல்லோரும் அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அப்பாவும் செய்தார்.

மூன்று வாரம் என் விரல்களுக்கு வேலையில்லை, அடுப்புக்கும் அவ்வளவாக இல்லை. தெருவில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சமரசம் பேச வந்த சர்க்கார் அதிகாரி முதலாளியின் காரில் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அந்த அதிகாரி அப்பாவை மட்டும் மில்லுக்குக் கூப்பிட்டனுப்பினார். மதியம் அப்பா திரும்பியபோது பெரியப்பாவும் சங்கத்தார் நாலு பேரும் எங்கள் வீட்டில் காத்திருந்தார்கள்.

"என்னடா சொன்னான்?"

"வேலைக்குத் திரும்பச் சொன்னான். முடியாதுன்னுட்டேன். ஆபீஸ் ரூம்லதாண்ணே பேசினோம்."

நான் பின்னால் போய் நின்றேன். காதோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எடுத்து உயர்த்திப் பிடித்து, "அப்பா, பஞ்சு!" என்று கத்தினேன். அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டதென்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

பெரியப்பா அந்தப் பஞ்சையே பார்த்தார். "ஆபீஸ் ரூம்ல பஞ்சு எங்கடா பறக்குது?"

அப்பா தடுமாறினார். "மிஷின் பக்கத்துல நிக்க வெச்சாங்கண்ணே. வெளியாளுங்கள விட்டு ஓட்டறாங்க. சொன்னா நம்ம ஆளுங்க பயந்துடுவாங்களேன்னுதான்..."

"கற்பூரம் அணைச்ச கை நல்லாதான் இருக்குது," என்றார் சங்கத்தாரில் ஒருவர்.

அம்மா கொடுத்த மோரைப் பெரியப்பா குடிக்காமல் கீழே வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் கை நனைக்கவே இல்லை.

தலைவரின் தம்பியே மில்லுக்குள் போய்விட்டானாம் என்ற பேச்சில், அந்த வாரமே பாதிப் பேர் வேலைக்குத் திரும்பினார்கள். குறைத்த கூலி குறைத்ததுதான். கடைசியாக உள்ளே போனவர் அப்பா. அன்று சாயங்காலம் நான் வாசலில் காத்திருந்தேன். அவர் தெருக்குழாயிலேயே தலையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அம்மன் அறிவாள், அப்பா சத்தியம் தவறவில்லை. ஒரு வேலையும் கொடுக்காமல் அந்த அதிகாரி அவரை மிஷின் பக்கத்தில் ஏன் அத்தனை நேரம் நிற்க வைத்தார் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.