உப்பு பூத்த புல்தரை

ரமாபாய்க்குச் செடிகளிடம் இரக்கம் கிடையாது. திருவொற்றியூரில் அவள் தோட்ட வேலை பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாராவது வாடிய தொட்டியைத் தூக்கிவந்து காட்டினால், ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுவாள். எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

"இது செத்து நாலு நாள் ஆவுது. பொணத்துக்கு இன்னாத்துக்கு தண்ணி ஊத்திகினு கீறீங்க?"

இரண்டாவது மாடியில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மணி பிளான்ட்டுக்கு நாள்தோறும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்திருந்தார். "அது கேட்டுச்சா உங்கள? உங்க வூட்டுக்காரர நிக்க வெச்சி தெனம் இப்டி ஊத்துங்க, அவரும் அழுவிடுவாரு" என்று அவரிடமே சொன்னாள். பிழைக்காத செடியை அங்கேயே பிடுங்கி எறிவாள். பிழைக்கும் என்று அவள் சொன்னது பிழைத்தது. அதனால் அவள் வாய்க்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அல்லது கோபத்தை வேறு விதமாகக் காட்டினார்கள். மண் அப்பிய காலோடு லிஃப்டில் ஏறக்கூடாது என்று அவளுக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. தொட்டியைச் சுமந்துகொண்டு ஆறு மாடியும் படியேறுவாள். அவள் இறங்கிய பிறகு படியைத் துடைக்க அம்முவை அனுப்புவார்கள். அங்கே கூட்டிப் பெருக்குகிறவள் அம்மு.

வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்தவள் ரமாபாய். கணவன் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு களை பிடுங்கப் போனாள். எங்கெங்கோ சுற்றி, இந்தக் குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐம்பத்து மூன்று வயதில் இந்த ஒரு வேலைதான் அவள் அடுப்பை எரித்தது. மகள் சங்கமித்ரா நர்சிங் கடைசி ஆண்டில் இருந்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மண்ணில் சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள். அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கிணற்றுத் தண்ணீர் மாறும். கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பது நாக்குக்குத் தெரியும். குழம்பில் உப்புப் பார்ப்பதைப் போலத்தான் அவளுக்கு அது. வெட்கப்பட அதில் ஒன்றும் இருப்பதாக அவள் நினைத்ததில்லை.

குடியிருப்பின் முன்னால் ஒரு புல்தரை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலையில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். நடுவே கொடிக்கம்பம். சங்கச் செயலாளர் செங்குட்டுவன், மணலியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்து தரும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று உண்டு. அது உப்பையெல்லாம் பிரித்து ஒரு குழாய் வழியே சாக்கடைக்குத் தள்ளும். ஜனவரியில் செங்குட்டுவன் அந்தக் குழாயைத் திருப்பிப் புல்தரைக்கு விட்டார். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பேட்டையில் இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகையில் குழாயோடு அவர் படம் வந்தது.

மே மாதம் புல்லின் நுனி கருகியது. ஜூன் தொடங்கும்போது ஆங்காங்கே திட்டுத் திட்டாக வைக்கோல் நிறம். செங்குட்டுவன் ரமாபாயைக் கூப்பிட்டார். மாலை நடைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"என்ன இது? பூச்சியா?"

அவள் குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. "பூச்சின்னா வேர துன்னுட்டிருக்கும் சார். இத்த இழுத்தா பாய் மாதிரி சுருட்டிகினு வரும். இது கெட்டியா புடிச்சிகினு கீது." மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். துப்பினாள். "உப்பு. அந்த பைப்பு தண்ணிதான் சார் பேஜாரு."

"முப்பத்து நாலு வருஷம் தண்ணியிலதான் வேலை பார்த்தேன் நான். அதுல எவ்வளவு உப்புன்னு மீட்டர் வச்சுப் பார்த்திருக்கேன். புல் தாங்கும்."

"மீட்டருக்கு இன்னா சார், அதுவா இங்க மொளைக்கப் போவுது?"

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செங்குட்டுவன் சிரிக்கவில்லை. யூரியா போடச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். போடு என்றார். போட்டாள். மூன்றே நாளில் தனித்தனியாக இருந்த திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

"ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கவுன்சிலர் கொடியேத்த வர்றார். அதுக்குள்ள பச்சையாகணும். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்" என்றார் செயலாளர்.

ரமாபாய் இங்கேதான் தவறு செய்தாள். புல் பச்சையாகிவிட்டால் எப்படி ஆனது என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினாள். உப்பேறிய மண்ணுக்கு ஒரே மருந்து நல்ல தண்ணீர். நிறைய விட்டால் உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆர்.ஓ. தருவது போதாமல், நல்ல தண்ணீர் லாரியிலும் வந்து வீடுகளுக்கான பெரிய தொட்டியில் இறங்கும் சரக்கு. வீடுகளுக்கே கணக்காகத்தான் விடுவார்கள். அவள் விடிகாலை ஐந்தரைக்கு வந்து செயலாளரின் குழாயை மூடினாள். தொட்டியிலிருந்து ஹோஸ் இழுத்துத் தெற்குப் பக்கம் பாய்ச்சினாள். ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் மறுபடி குழாயைத் திறந்து வைத்தாள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் தெற்கு ஓரத்தில் ஊசி ஊசியாகக் குருத்து வந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வீடுகளில் தண்ணீர் நின்றது. சோப்பு நுரையோடு ஒருவர் படியில் நின்று கத்தினார். கண்காணிப்புக் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள்.

பத்தரைக்குக் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். பெரிய டிவியில் பதினோரு விடிகாலையும் ஓடின. ஒவ்வொன்றிலும் ரமாபாய் குனிந்து குழாயைத் திருகினாள். யாரோ "திருடி" என்றார்கள். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள்.

"திருடி எங்க வூட்டுக்கா எடுத்துகினு போனேன்? உங்க புல்லுக்குத்தான வுட்டேன்? போய் தெக்கால பாருங்க, குருத்து வந்துகினு கீது. உப்பு எறங்குது சார்."

"உப்பு உப்புன்னு யார் சொன்னா உனக்கு?" என்றார் செங்குட்டுவன்.

"என் நாக்கு சொல்லுது."

கூடம் சிரித்தது. ஐந்தாம் மாடிக்காரர் ஒருவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்ப சோதிச்சுப் பார்த்துடலாமே!" என்று வெளியே ஓடினார். ஆறு காகிதக் கப்புகளில் மண்ணோடு வந்து, வரிசையாக மேசையில் வைத்து எண் போட்டார். எது எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். செல்போன்கள் உயர்ந்தன.

"ம், துன்னு" என்றார், அவள் பேச்சைப் போலவே பேசிக் காட்டி.

ரமாபாய் மேசையருகே போனாள். வேலை போகாமல் இருக்க இதுதான் வழி என்றால் இதையும் செய்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் கப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள்.

"இது தெக்கால. உப்பு கம்மியாயிட்ச்சு." இரண்டாவது. "கொடிக்கம்பத்தாண்ட." மூன்றாவதுக்கு முகம் சுளித்தாள். "பைப்பு வாயி. கைப்பு." நான்காவது. "வடக்கால மூலை." ஐந்தாவது. "இது புல்தரை இல்ல, தொட்டி மண்ணு. எருவு போட்டது. நான்தான் போட்டேன்." ஆறாவதை நாக்கில் வைத்தவள் உடனே துப்பினாள். ஐந்தாம் மாடிக்காரரைப் பார்த்தாள்.

"இது கேட்டாண்ட நாயி ஒண்ணுக்குப் போற எடம்."

கூடமே குலுங்கிச் சிரித்தது. சிறுவர்கள் தரையில் உருண்டார்கள். ஆறும் சரி. சீட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"வாய் கொப்புளிக்க கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

"பாருய்யா, மறுபடியும் தண்ணி கேக்குறா!"

அதற்கும் சிரிப்பு. தண்ணீர் வரவில்லை. அவள் முந்தானையால் நாக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது கப்பிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் செயலாளர் முன் நீட்டினாள்.

"ஒரே ஒருவாட்டி நீங்களும் வெச்சிப் பாருங்க சார். நான் சொல்றது பொய்யின்னா நானே போயிடறேன்."

செங்குட்டுவன் ஒரு அடி பின்னால் போனார். "உன் கையிலேருந்தா?" என்றார்.

கூடத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

ரமாபாய் கூட்டத்தில் ஜெரினாவைத் தேடினாள். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவள். அவள் வீட்டுக் குரோட்டன்ஸ் இலைகள் சென்ற ஆண்டு இப்படித்தான் நுனி கருகின. சமையலறை வடிகட்டி தள்ளும் கழிவுத் தண்ணீரை ஊற்றுகிறாள் என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னவள் ரமாபாய். இரண்டே மாதத்தில் செடி தளதளவென்று ஆனது. ஜெரினா பிரியாணி கட்டிக் கொடுத்தாள்.

"ஜெரினாம்மா, நீங்க சொல்லுங்க. உங்க வூட்ல இன்னா ஆச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

இந்தக் குடியிருப்பில் வீடு கிடைக்க ஜெரினா எட்டு மாதம் அலைந்திருந்தாள். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தில் செங்குட்டுவன் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ரமாபாயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"எனக்குச் செடியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

ரமாபாயை அன்றே அனுப்பிவிட்டார்கள். வாசலில் அவள் பையைச் சோதிக்க அம்முவையே நிறுத்தினார்கள். அம்மு தூக்குவாளியையும் ஒரு பழைய சேலையையும் எடுத்துக் காட்டினாள். களைக்கொத்தி சங்கத்துடையது என்று வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார். அது ரமாபாய் வாங்கியது.

அன்று மாலை அம்மு ஒன்றைப் பார்த்தாள். எல்லோரும் மேலே போன பிறகு செங்குட்டுவன் புல்தரைக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குந்தினார். குழாய் வாயருகே விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மூன்று முறை துப்பினார். மறுநாள் குழாய்க்காரர் வந்து இணைப்பைக் கழற்றிப் பழையபடி சாக்கடைக்கே விட்டார். அதைப் பற்றிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியும் வரவில்லை. புதிய தோட்டக்காரர் வெள்ளத்துரை வந்தார் என்று மட்டும் வந்தது. தொட்டித் தண்ணீரை வாரம் இரண்டு முறை புல்லுக்கு விடச் செயலாளரே அவருக்கு அனுமதி தந்தார். ஜூலையில் மாலை மழையும் பெய்தது.

ஆகஸ்ட் பதினைந்து மதியம் அம்மு போன் செய்தாள்.

"யக்கா, பச்சப்பசேல்னு கீதுக்கா. கவுன்சிலர் கையால அந்த வெள்ளத்துரைக்கு சால்வ போட்டாங்க. உன்னப் பத்தி ஒரு வார்த்த இல்ல. வாய தொறந்து கத்தணும் போல இருந்திச்சி எனுக்கு."

"கத்துனியா?"

"இல்லக்கா."

"வடக்கால மூலை வந்துட்ச்சா?"

"அதுவும் வந்துட்ச்சுக்கா."

"சரி, வை."

அவள் மண் தின்னும் வீடியோ அதற்குள் தண்டையார்பேட்டை வரை போயிருந்தது. யாரோ பாட்டுச் சேர்த்திருந்தார்கள். வேலை கேட்டுப் போன இடங்களில் வாட்ச்மேன்களே அடையாளம் கண்டுகொண்டார்கள். "தோ பார்ரா, மண்ணு துன்ற ஆயா! இன்னா ஆயா, எங்க மண்ணுக்கு எவ்ளோ மார்க்கு?" செயலாளர்கள் தண்ணீர்த் திருட்டைப் பற்றி மட்டும் விசாரித்தார்கள். ஒன்பது வாரம் அப்படிப் போனது. கட்டணம் கட்டாததால் சங்கமித்ரா இரண்டு முறை கல்லூரி வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

செப்டம்பரில் வண்ணாரப்பேட்டையில், துணிக்கடைச் சந்து ஒன்றில், வரலட்சுமி என்ற வீட்டுக்காரம்மா அவளை மாடிக்குக் கூட்டிப்போனாள். அந்த வீடியோ அவளுக்கு வந்திருக்கவில்லை. ஐம்பது தொட்டிகள். செம்பருத்தி, மல்லி, குரோட்டன்ஸ். எல்லாவற்றிலும் இலை நுனி கருகியிருந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளைக் கோடு. மூலையில் வடிகட்டியின் குழாய் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன். எல்லாம் செடிக்குத்தான்" என்றாள் வரலட்சுமி பெருமையாக. "அப்படியும் இதுங்களுக்கு என்னதான் கேடு? முன்னாடி வந்தவ தண்ணி சரியில்லன்னு சொன்னா. என் வீட்டுத் தண்ணியையே குறை சொல்றா! போடின்னு அனுப்பிட்டேன். நீ சொல்லு, எதுனால?"

ரமாபாய் மண்ணில் விரல் விடவில்லை. தேவைப்படவில்லை.

"உங்க தண்ணி தங்கமா கீதும்மா" என்றாள். "செடிதான் சரியில்ல. நர்சரிக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டிருக்கான்."

"அதைத்தான் நானும் சொன்னேன்! அப்ப என்ன பண்றது?"

"எல்லாத்தையும் புடுங்கிட்டு வேற வெக்கலாம்மா."

வரலட்சுமிக்கு முகம் மலர்ந்தது. இன்றைக்கே தொடங்கிவிடு என்றாள். ரமாபாய் முதல் செம்பருத்தியின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். வேர்கள் வெள்ளையாக, உயிரோடு இருந்தன. அதைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனாள்.