எஞ்சினுக்கு வைத்த பொட்டு

எனக்குக் கடலைக் கண்டு பயமில்லை. எஞ்சின் நின்றுபோன படகை நினைத்தால்தான் பயம். போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரின் படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. வேறு படகுக்காரர்கள் கட்டி இழுத்து வரும்வரை பட்டினப்பாக்கம் கரையில் நான் பாதி செத்துப்போனேன். இப்போதும் இரவில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன்.

அந்தப் படகைத் தள்ளிவிட்டு, எஞ்சின் உள்ளேயே பொருத்திய பழைய டீசல் படகு ஒன்றை வாங்க அவர் ஆசைப்பட்டார். அடையாற்று முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தது. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். மீன் விற்கிறவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். ஒரு மண்ணும் தெரியாது. பயம் அதனால்தான்.

விற்பவர் தேனொழுகப் பேசினார். பலகை மூடியைத் தூக்கினால், எஞ்சின் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வைத்ததாம். என் வீட்டுக்காரர் எண்ணெய் பார்த்தார், பெல்ட்டை அழுத்தினார், ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"தண்ணி பம்ப்ப மாத்திட்டு, டீசல் ஃபில்டரு புச்சா போட்டா ராஜா மாரி ஓடும்மே," என்றார். நிச்சயதார்த்தமே முடிந்துவிட்ட முகம்.

கொஞ்ச நேரம் ஓடியது. பக்கவாட்டில் இருந்த ஒரு பொட்டு மட்டும் கரைந்து, சிவப்பாகக் கீழே வழிந்தது. மற்றப் பொட்டெல்லாம் காய்ந்தே இருந்தன. அந்த இடத்துக்கு மட்டும் எங்கிருந்து ஈரம்?

"இந்தாய்யா, அந்தப் பொட்ட தொட்ச்சிப் பாரு."

"இன்னாமே பேசுற? வெள்ளிக்கெழமயும் அதுவுமா!"

விற்பவர் என் பக்கம் திரும்பினார். "தண்ணி தெறிச்சிருக்கும் தங்கச்சி. கடலுக்குப் போறவன் பொஞ்சாதி நீ, பொட்ட அழிக்கச் சொல்லலாமா?"

அவர் என் நெற்றியிலேயே கை வைத்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் எஞ்சின் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். தானாக உதிர்ந்தால்தான் உண்டு. நாளைக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் வாயைத் திறப்பதற்குள் நானே என்னைச் சொல்லிக்கொள்வேன். அம்மா தாயே என்று கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தேன்.

அடியில், குழாய் ஒழுகினால் அடைக்கிற பசை. அதன் ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். அதிலிருந்து சுடுதண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். விற்பவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "நானும் இதுலதான் போய்க்கினு வந்துகினு கீறேன், ஒண்ணும் ஆவல," என்று முணுமுணுத்தார். ஆகியிருந்தால் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார் என்று கத்த நினைத்தேன். கத்தாமல் கரையில் இறங்கிவிட்டேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நல்ல வேள தொட்ச்ச," என்றார் என் வீட்டுக்காரர்.

பிறகு வேறொரு பழைய படகு அமைந்தது. அதற்குப் புதுப் பம்ப், புது ஃபில்டர் எல்லாம் போட்டாயிற்று. பூஜை வந்தால் பொட்டைப் பலகை மூடியில்தான் வைக்கிறேன். எஞ்சின்மேல் வைக்க யாரையும் விடுவதில்லை. மாமியார் திட்டுகிறார், திட்டட்டும். என் வீட்டுக்காரர் புறப்படும் முன் வெறும் இரும்பைக் கையால் தடவிப் பார்க்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது.

ஆனாலும் நெற்றிப் பொட்டு அழிந்துவிடும் என்று, அவர் கரை திரும்பும்வரை நான் முகம் கழுவுவதில்லை.