திருப்புளியும் பதினொரு முட்டையும்

ராயப்பன்பட்டியில் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு அறை சும்மா கிடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளா ஏலத்தோட்டம், லாரி கிளீனர் வேலை என்று சுற்றிவிட்டு மறுபடியும் அவள் வாசலில் போய் நின்றபோது அந்த அறையைத்தான் கேட்டேன். மழை தொடங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் படுத்தால் முதுகு நனைகிறது.

அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக மதுரை கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்றுதான் பதினொரு முட்டை போட்டுக் கோழியை அடை வைத்திருந்தாள்.

"ஏலே, இந்தக் கோழி இருபத்தோரு நாளு ஒரே எடத்துல உக்காரும். நீயும் இங்கன உக்காந்து காட்டு. குஞ்சு பொரிச்சா ரூமு உனக்கு. இல்லைன்னா வந்த பஸ்ஸுலயே ஏறிரு."

சுலபமாகத்தான் தோன்றியது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கோழி பள்ளிக்கூடமே போனதில்லை.

இடிக்கு முட்டை கெட்டுவிடக் கூடாது என்று அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரும்புக்கு அக்கா கண்ணில் பட்டது நான் திருகாணி கழற்ற வைத்திருந்த திருப்புளி. முட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மூன்று பொழுதுபோக்குகள்: பழைய ரேடியோவைப் பிரிப்பது, ஆற்றில் தூண்டில் போடுவது, குமுளியில் அரைகுறையாகக் கற்ற செண்டை மேளத்தை அடிப்பது. கோழி வெருண்டதால் செண்டையை இரண்டாம் நாளே நிறுத்தினேன். ரேடியோ வயிறு திறந்து கிடந்தது. திருப்புளி மேல் கோழி உட்கார்ந்திருந்தது.

தினமும் காலையில், கோழி மேல் கவிழ்த்து மூடிய பஞ்சாரக் கூடையைத் தூக்குவேன். கோழி இறங்கி, கம்பு தானியம் பொறுக்கி, தண்ணீர் குடித்து, தானே திரும்பிப் போய் உட்காரும். இவ்வளவு ஒழுக்கமான உயிரோடு நான் அதற்கு முன் வசித்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியவில்லை. கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு திருப்புளியை உருவினேன். அரை மணியில் ரேடியோ பேசிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பஞ்சாரத்தை மூடினேனா என்ற யோசனை தூண்டிலில் புழு கோத்தபோது வந்தது. வந்த யோசனையை அனுப்பிவிட்டேன்.

இடி இடித்து மழை விரட்டியபோதுதான் திரும்பினேன். கோழி பக்கத்து வீட்டுக் குப்பைமேட்டில் நின்றது. முட்டைகள் ஆற்றுக் கல் மாதிரி சில்லிட்டிருந்தன. நனைந்த கோழியை எப்படி வைப்பது? பதினொன்றையும் கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொண்டு, கோழி காயக் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, கோழிய ஊர் சுத்த அனுப்பிட்டு நீங்க அடை படுத்துட்டீகளா?"

அசைந்தால் உடையும் என்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். கோழி காய்ந்ததும் கூடையில் விட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மிச்ச நாளெல்லாம் நான் அந்தக் கூடையைவிட்டு நகரவில்லை.

அக்கா வந்தபோது நாலு குஞ்சு.

"பதினொண்ணுல நாலாடா?"

"இடி, அக்கா. பெரிய இடி."

அவள் கூடைக்குள் கையைவிட்டுத் துழாவினாள். கரி வந்தது. இரும்பு வரவில்லை. உள்ளே ரேடியோ வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தது.

"திருப்புளி எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இடிக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கியிருக்கலாம். விளக்கினால் பஞ்சாரம் மூடாத கதை வெளியே வரும். வழக்கத்துக்கு மரியாதை கொடுத்துச் சும்மா நின்றேன்.

"கோழி சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு. ரூமு கோழிக்கு," என்றாள். ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கீரி வரும். காவலுக்கு வேணும்னா நீ உள்ள படுத்துக்க."

இப்போது அந்த அறையில்தான் இருக்கிறேன், கோழியின் தயவில். ஓடு ஒழுகுவது என் பக்கம் மட்டும். ஒழுகாத மூலையைக் கோழி முதல் நாளே எடுத்துக்கொண்டது.