வாய்க்காலில் போட்ட சட்டைகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை எடுத்துக்கொண்டு நல்லூரின் பின்தெருக்களில் நடப்பேன். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் தெருக்கள் சத்தமில்லாமல் கிடக்கும். போன வாரம் ஒரு வாய்க்காலைப் படமெடுக்கக் குனிந்தபோது பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது இதேபோல் ஒரு வாய்க்காலை ஒட்டி, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊருக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார் என்று உறவுக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு அப்பாவின் சட்டைகளை அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக வாய்க்காலில் போட்டாள். அன்று அதில் சாயப்பட்டறைத் தண்ணீர் கருநீலமாக ஓடியது.

"ஏனுங்க, நல்ல சட்டைய எதுக்குங்க வீசறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"போடுறதுக்கு ஆளில்லக்கா," என்றாள் அம்மா.

கடைசிச் சட்டையை மட்டும் விரித்துப் பார்த்தாள். பட்டன் எல்லாம் சரியாக இருந்தது. அதை மடித்து எடுத்து வந்துவிட்டாள். மறுநாள் காலை சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். அங்கே துணியில் நூல் பிசிறு வெட்டும் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆண் சட்டை மாட்டித்தான் போவார்கள்.

"அது அப்பா சட்டைதானம்மா?"

"சட்டை," என்றாள். "நேரமாச்சு, கதவச் சாத்திக்க."

சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை.

போன வாரம் எடுத்த வாய்க்கால் படத்தைப் போனுக்கு மாற்றி அங்கிருந்தே அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடி?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா."

"வெயில்ல நிக்காத," என்று சொல்லி வைத்துவிட்டாள்.