கிரகணத்தன்று வெளியே நின்றவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு சாமான் காணவில்லை என்றால் அந்தக் காலத்தில் நான் தேட மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு மேசைமேல் இருக்கும் என்று தெரியும். இடுக்கி, வடிகட்டி, எலுமிச்சம்பழம், மாமியாரின் செப்புச் செம்பு எல்லாம் என் வீட்டுக்காரரின் பையில் ஏறிப் பள்ளிக்கூடம் போய்வந்தவைதான். சில போனதோடு சரி. இப்போது பள்ளிக்குப் புது ஆய்வகம் வந்துவிட்டது, என் அடுப்படியில் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை.

அவர் பெயர் மதியழகன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எரியோட்டுக்கு அறிவியல் வாத்தியாராக வந்தார். பள்ளியில் கண்ணாடிக் குடுவைகள் இல்லாமல் இல்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அதிகாரி வருகிற அன்று துடைத்து அடுக்குவார்கள், போனதும் மறுபடி பூட்டு. இவருக்கு அது ஆகாது. செம்பருத்திப் பூவைக் கசக்கி, அந்தச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்து சிவக்க வைப்பார், சோப்புத் தண்ணீரை விட்டுப் பச்சையாக்குவார். மஞ்சள் கறைபட்ட சட்டையோடு வந்து நிற்பார். நான் சோப்புப் போட்டால் அது ரத்தமாகச் சிவக்கும். “பாத்தியா, காரம் பட்டா மஞ்சள் மாறும்” என்று துவைகல் பக்கத்தில் நின்று எனக்கும் பாடம் நடத்துவார். துவைப்பது நான்.

“நான் சொல்றேன்னு நம்பாதீக. கண்ணால பாத்துட்டு நம்புங்க.” பிள்ளைகளிடம் அவர் அடிக்கடி சொல்வது அது. ஒரு தரம் டாக்டர் எனக்குச் சாப்பிடச் சொன்ன அவித்த முட்டையைக் கொண்டுபோய், காகிதம் கொளுத்திப் போட்ட பாட்டில் அதைத் தானாக உள்ளே இழுப்பதைக் காட்டினார். வகுப்பே கைதட்டியதாம். வெறும் சோற்றைத் தின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

முட்டை எதற்கென்றால் நான் மாசமாக இருந்தேன். அதற்கு முன் ஒன்று கலைந்து போயிருந்தது. அது தொண்ணூற்றைந்தாம் வருடம். தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் என்று ஊரெல்லாம் பேச்சு. சித்தையன்கோட்டையிலிருந்து என் மாமியார் மாயம்மாள் வந்து இறங்கிவிட்டார். மாசமானவள் கிரகணத்தில் வெளியே போனால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்கள். வகுப்பில் ஜெஸ்ஸி என்ற பிள்ளை எழுந்து, “சார், உங்க வீட்டு அக்கா வெளிய வருவாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். “வராம? முன்வரிசையில நிப்பா” என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கிரகணத்தன்று விடிந்ததும் ஆள் மாறிப்போனார். எண்ணெய் போகாத பூந்திக் கரண்டியைப் பையில் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நீ செத்த நேரம் உள்ளயே இரு. அம்மா மனசு கஷ்டப்படும்.”

கஷ்டப்பட்டது அம்மா மனசு இல்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரின் பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம், வீட்டுக்கு ஒரு பாடமா? மாமியார் பின்கட்டில் இருந்த சமயம் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டேன்.

என்னைக் கண்டதும் அவர் உயர்த்திய கரண்டியைக் கீழே இறக்கினார். பிறகு சமாளித்துக்கொண்டு மறுபடி வெயிலில் பிடித்தார். கரண்டியின் ஒவ்வொரு கண் வழியாகவும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழுந்தது. கொஞ்சம் நகர்த்தியதும் என் சேலையில், வயிற்றின்மேல், பிறை பிறையாக விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அதைவிட அழகான ஒன்றை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மாசியில் கீர்த்தனா பிறந்தாள். மேல் உதடு பிளந்திருந்தது.

மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட இவர் எதிர்த்துப் பேசித் தேறியிருப்பார். மதுரையில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: “இது எத்தனையோ குழந்தைகளுக்கு வர்றதுதான், தைச்சிரலாம். வயித்துல இருக்கப்பவே, மூணாம் மாசத்துக்குள்ள உதடு சேர்ந்திரணும். கிரகணத்தப்ப இவங்களுக்கு அஞ்சு மாசம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.” இவர் தலையாட்டினார். அறிவியல் வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அறிவு ஒத்துக்கொண்டதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஒரு சாமானும் காணாமல் போகவில்லை. வகுப்பில் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த ஜெஸ்ஸி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“சார், கிரகணத்துனாலயா பாப்பாவுக்கு இப்புடி?”

“தெரியலம்மா” என்றாராம்.

சாயங்காலம் வந்து அதை அவரே என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“தெரியலையா? அப்ப நான் வெளிய வந்துதான் எம்புள்ளைய இப்புடி ஆக்கிட்டேன்னு சொல்றீகளா?”

“உன்னையச் சொல்லல. நாந்தான...”

முடிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் அழுத மாதிரி பிள்ளை பிறந்த அன்றுகூட அழவில்லை. உதட்டைத் தைத்துவிடலாம். இந்த மனுசனை எதை வைத்துத் தைப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரே சத்தம். ஜெஸ்ஸி நின்றாள். அவளுக்குப் பின்னால் இடுப்பிலும் தோளிலும் கைக்குழந்தைகளோடு நாலைந்து பெண்கள். பூத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். கூட்டிவந்த கதையை ஜெஸ்ஸி மூச்சுவிடாமல் சொன்னாள்.

“சார், நீங்க தெரியலன்னு சொன்னீகள்ல, அதான் நாங்களே போயிக் கேட்டோம். இது எங்க சித்தி சகாயசெல்வி. இவுக பூராம் அன்னிக்கு மாசமா இருந்தவுக. பூராம் வெளிய நின்னவுக.”

“பூவு கிரகணத்தப் பாத்தா பூக்குது சார்?” என்றாள் சகாயசெல்வி. “நாங்க உள்ள உக்காந்தா யாரு பறிப்பா? எனக்கு அப்ப எட்டு மாசம்.”

“எனக்கு ரெண்டு மாசந்தேன் தள்ளிப்போயிருந்துச்சு” என்றாள் பச்சைப்பிள்ளையை வைத்திருந்த ஜக்கம்மாள். “மத்தியானம் வரைக்கும் வெயில்லதான் கெடந்தேன். இந்தா, நல்லாப் பாருங்க.”

அவர் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் குனிந்து பார்த்தார். கடைசிக் குழந்தையிடம் வந்தபோது அவரால் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண்களுக்கு வாத்தியார் அழுவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஜெஸ்ஸி, வெளிய நின்னவுக புள்ளைகள மட்டும் பாத்தா எப்புடி? உள்ள அடைஞ்சு கெடந்தவுக புள்ளைகளையும் பாக்கணும்ல? அவுகளக் கேட்டியா?”

“கேக்கல சார்.”

“அப்ப பாதிதான முடிஞ்சிருக்கு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பிறகு என் கையிலிருந்த கீர்த்தனாவை வாங்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவளை அவர் வாசலுக்கு வெளியே தூக்கிப் போனதே இல்லை. அன்றைக்கு நல்ல வெயிலில், முகத்தை ஒரு துணியாலும் மூடாமல், தோளில் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.